என்.பி.ஓ. வந்த நாள்

மருத்துவமனைக்குள் உறவினர்களை விடும் வழக்கம் ஒழிந்துபோயிருந்தது. நோயாளியின் நிலை வீட்டுச் சுவர்த்திரையில் சுருக்கெழுத்துகளாக வரும். கணவர் ரெமிஜியுஸ் அங்கே படுத்ததிலிருந்து ஜெசிந்தா அவற்றைப் படிக்கக் கற்றிருந்தாள். எஸ்.ஓ.பி. என்றால் மூச்சுத்திணறல். இன்று காலை என்.பி.ஓ. வந்தது. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று பொருள். அவளுக்கும் சோறு இறங்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டாள்.

மாலையில் நர்ஸ் போனில் அழைத்தாள்.

“அக்கா, சார் உங்களையே கேட்டுக்கிட்டிருக்காரு. அதைத் திரையில போட எழுத்து எதுவும் இல்ல. அதான் கூப்பிட்டேன். பேசுறீங்களா?”

முதலில் மூச்சிரைப்புதான் கேட்டது. பிறகு அவர் குரல்.

“ஜெசி, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேங்க” என்றாள். “வச்சிராதீங்க. இன்னும் கொஞ்சம் பேசுங்க.”