ராத்திரி சாப்பிட்ட தோசை

"சஹானா, நீ கிளம்பு!"

கோச்சின் குரல். இன்றைக்கும் அதே ஐந்து இருபது. மற்ற பதினோரு பிள்ளைகளும் விழுப்புரம் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, என் மகள் மட்டும் தலையைக் குனிந்தபடி கேட்டை நோக்கி வந்தாள்.

வெளியே ஸ்கூட்டியில் காத்திருந்த நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு வாரமா பாக்குறேன் சுப்ரியா," என்றார் பக்கத்தில் நின்ற, கூட ஓடுகிற ஆர்த்தியின் அம்மா. "எல்லாம் ஆறரை வரைக்கும் ஓடுது. உன் பொண்ணை மட்டும் ஏன் தொரத்துறாங்க?"

"தெரியலைக்கா."

"முட்டைதான்! ஓடி முடிச்சதும் அந்த மேடம் முட்டையும் வாழைப்பழமும் குடுக்குறாங்க இல்ல? நீங்க சுத்த சைவம். முட்டை துன்னாத பிள்ளைக்கு ஸ்டாமினா எங்கருந்து வரும்னு கழட்டி விடுறாங்க போல."

எனக்கும் அந்தப் பயம்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது ரவுண்டில் சஹானா மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் இந்த ஓரங்கட்டல் எல்லாம். சாயங்காலம் பாதியில் அனுப்பிவிட்டு, காலை ஏழு மணிக்கு அவளை மட்டும் தனியாக வரச் சொல்கிறார் கோச் மலர்விழி. நான் படித்த கான்வென்ட்டில், பரீட்சையில் பெயிலாகும் பிள்ளைகளைத் தனி பெஞ்சில் உட்கார வைப்பார்களே, அது மாதிரி.

சனிக்கிழமை திண்டிவனத்தில் போட்டி. எண்ணூறு மீட்டருக்கு இரண்டே பேர். யார் என்பது நாளைக்குத் தெரிந்துவிடும்.

"இன்னிக்கு என்னடி சொன்னாங்க?"

"தினம் கேக்குறதுதான்மா. ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு கேட்டாங்க. நீ சொல்லச் சொன்ன மாதிரியே தோசைன்னு சொன்னேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அம்மா, நான் லிஸ்ட்ல இருக்க மாட்டேன் இல்ல?"

அவ்வளவுதான்.

"நீ வண்டிகிட்ட நில்லு."

நேராக உள்ளே போனேன். "மேடம், என் பொண்ணு என்ன தப்பு பண்ணா?"

கோச் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "தப்பா? ஒண்ணுமில்லைங்களே."

"முட்டை சாப்பிடலைன்னா ஓடக் கூடாதா? விழுந்த பிள்ளையை எழுப்பி ஓட வைக்கத்தானே கோச்னு ஒருத்தர் வேணும்? வாட்ச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னா அதை நானே செய்வேனே!"

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேற்கே தென்னை மரங்களுக்கு மேலே நின்ற சூரியனைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த வாட்ச்சை.

"அஞ்சு அம்பத்தஞ்சுக்கெல்லாம் பொழுது இறங்கிடும். நீங்க வீடு போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். ஜல்தியா கூட்டிக்கினு போய் மொதல்ல பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்க. சண்டையை நாளைக்குப் போட்டுக்கலாம்."



நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். சின்ன வயதில் இதைக் கான்வென்ட்டில் சொல்லிவிட்டு, 'காக்காகூட சேர்ந்து சாப்பிடறவ' என்று ஆறு வருடம் கேலி வாங்கினேன். என் மகளுக்கும் அது வேண்டாம் என்றுதான், 'மைதானத்தில் மூச்சு விடாதே, கேட்டால் தோசை என்று சொல்' என்று சொல்லி வைத்திருந்தேன். மாலை ஆறரை வரை ஓடிவிட்டு இருட்டில் வீட்டுக்கு வருகிறவள், வெறும் வயிற்றோடு படுப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ராத்திரியும் அப்படித்தான். இந்த மூன்று வாரமாக அவள் வெளிச்சத்திலேயே வீடு வந்து சாப்பிடுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு... யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. ஓடி முடிச்சா மத்ததுங்க பழத்தை உரிச்சு வாயில போட்டுக்கும். உங்க பொண்ணு மட்டும் மொதல்ல வானத்தைப் பாக்கும். அப்புறம் பழத்தைப் பையில வச்சுக்கும். நான் பொறந்தது வல்லம்ங்க. எங்க பக்கத்து வீடு நயினார் வீடு, உங்களை மாதிரி சமணருங்கதான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா?"

"அப்ப, காலையில தனியா வரச் சொல்றது?"

"சாயங்காலம் விட்டுப்போன ரவுண்டை யாரு ஓடுறது? அதுக்குத்தான் முண்டியம்பாக்கத்துலருந்து ஒரு பஸ் முன்னாடியே கிளம்பி வர்றேன். ராத்திரி வயித்துக்கு எதுனா போவ ஆரம்பிச்சதுலருந்து எண்ணூறு மீட்டர்ல அதுதான் ஃபர்ஸ்ட், தெரியுமா உங்களுக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"மறைக்கிறது பிள்ளை. அதுவா சொல்ற வரைக்கும் கேட்டுக்கினே இருக்கலாம்னு இருந்தேன்." சிரித்தார். "அதுவும் விடாம தோசைன்னே சொல்லுது. நேத்து மல்லாட்டை சட்னியும் சேத்துக்கிச்சு!"

மறுநாள் மாலை, பட்டியல் படிக்கிற நாள் என்பதால் எல்லா அம்மாக்களும் வந்திருந்தார்கள். ஓட விடுவதற்கு முன் கோச் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஆர்த்தி, நேத்து ராத்திரி என்ன?"

"பரோட்டா மேடம்!"

"உன் ஓட்டத்தைப் பாத்தாலே தெரியுது. சஹானா, நீ?"

சஹானா வாயைத் திறந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆர்த்தியின் அம்மா என் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தார்.

"எங்க வீட்டுல ராத்திரி சாப்பிட மாட்டோம் மேடம்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "தோசைன்னு சொல்லச் சொன்னது நான்தான். அது பொய்."

யாரும் சிரிக்கவில்லை. சஹானாதான் அவசரமாகக் கையைத் தூக்கினாள்.

"இப்ப பொய் இல்ல மேடம். நேத்து அஞ்சே முக்காலுக்கு நாலு தோசை சாப்பிட்டேன்!"