மேடான் தெரியுதா?

"வருதா?" தகரக் கூரை மேலிருந்து கத்தினார் கருப்பையா.

"வருது அண்ணே! ஐயோ, போயிருச்சு. சிக்கிட் லாகி... இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!" வீட்டுக்குள்ளிருந்து சுலாஸ்திரி.

தேயிலை பேக்டரி வேலை முடிந்து வந்த கருப்பையாவின் மனைவி உமாதேவிக்கு வயிறு எரிந்தது.

சுலாஸ்திரி பக்கத்து லைன் வீட்டுக்காரி. இந்தோனேசியாவில் மேடான் பக்கம். இந்தத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்து, தமிழும் பழகிவிட்டாள்.

இந்த நாட்டில் பழைய ஏரியல் டிவி ஒளிபரப்பை நிறுத்திய பிறகு, காலியாகக் கிடந்த அலைவரிசையில் ஒரு சாயங்காலம் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து மேடான் டிவி வந்து விழுந்தது. பனிக்குள் பனியாக ஒரு கடைத்தெரு. குடை பிடித்துப் போகும் பெண்கள்.

"எங்க ஊரு!" என்று சுலாஸ்திரி அழுதேவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் கருப்பையா கூரையேறி ஏரியலைத் திருப்புகிறார்.

"உனக்காக ஒரு நாளாவது கூரை ஏறியிருக்காரா லா, உன் வீட்டுக்காரரு?" என்று பேக்டரியில் கூட வேலை செய்யும் இராசம்மா கேட்டுச் சிரித்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் தம்பி அகிலன் லோரி கவிழ்ந்து இறந்ததிலிருந்து வீட்டில் வாயே திறக்காத மனுஷன், இந்த சுலாஸ்திரியிடம் மட்டும் தொண்டை கிழியப் பேசுகிறாரே!

இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சுலாஸ்திரியின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

டிவியில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைப் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன.

"இப்ப?" மேலிருந்து குரல்.

"கடல் தெரியுது அண்ணே! ஒரு படகு போகுது!"

"எங்கடி இருக்கு படகு?" உமாதேவி பல்லைக் கடித்தாள்.

சுலாஸ்திரி திடுக்கிட்டுத் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த ஒரு நாளோட சரிக்கா. அப்புறம் வரவே இல்ல."

"அப்ப எதுக்கு இந்த நாடகம்?"

"என் ஊரை நான் போன்லயே பாத்துக்கறேன். அண்ணன் மேல ஏறினாத்தானே பேசுறாரு? நேத்து ஒரு ஆடு கடைக்குள்ள புகுந்துருச்சுன்னு சொன்னேன். சிரிச்சாருக்கா."

அவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

"என்ன, சத்தத்தையே காணோம்? படகு இருக்கா, போயிருச்சா?"

உமாதேவி தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மூடுபனியில் கூரையும் தெரியவில்லை, அவரும் தெரியவில்லை.

"இருக்குங்க!" என்று கத்தினாள். "படகுல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க!"