மணல் தீர்ந்த பிறகு

சாப்பாட்டு மேசையில் விரித்திருக்கும் வரைபடத்தின் பாதிவரை பிற்பகல் வெயில் வந்து நிற்கிறது. கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவள் பள்ளி ஆசிரியை; கதைக்குள் தன் ஆள் அடுத்து என்ன செய்கிறான் என்பதை ஆடுகிறவர் சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். எடுத்த பேச்சை லேசில் விடாத வாய் அது. அதற்கு அணை போடத்தான் இந்த வாரம் மேசை நடுவில் மணல் கடிகாரம் வந்திருக்கிறது. மணல் தீர்ந்தால் அவள் நிறுத்திவிட வேண்டும். ஆடுகிறவர் வாய் திறக்கும்வரை அவளுக்குப் பேச்சு கிடையாது. சுரங்கத்தின் கோடியில் ஓர் இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் என்று அவள் சொல்லும்போது கடைசி மணலும் இறங்குகிறது. “இப்ப நீ என்ன பண்றே?” என்று கொழுந்தனைக் கேட்கிறாள். வேலை போனதிலிருந்து வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவன், இந்த ஆட்டத்துக்கு மட்டும்தான் அறையை விட்டு வருகிறான். பகடை அவன் உள்ளங்கையில் உருள்கிறது, நிற்கிறது, மறுபடி உருள்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. மேசைக்கடியில் கணவன் அவள் காலை மெல்ல மிதிக்கிறான். அவள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். விரலிடுக்கில் பென்சில் துடிக்கிறது. கொழுந்தன் மூச்சை இழுக்கிறான். உதடுகள் பிரிகின்றன, மூடிக்கொள்கின்றன. அவள் முந்திக்கொள்கிறாள். “சரி, நீ கதவைத் தள்ளுறே. உள்ள ஒரே இருட்டு, அங்க...” அவன் பகடையை ஓசைப்படாமல் மேசையில் வைக்கிறான். “நான் இன்னும் தள்ளலையே, அண்ணி,” என்கிறான். “கதவுல காத வச்சு, கொஞ்ச நேரம் சும்மா கேக்கலாம்னு இருந்தேன்.”