அழுகை வரும் இடம்

அரிசி ஆலைக் கொதிகலன் வெடித்துச் செத்துப்போன தணிகையை மூன்று மாதக் குழந்தையிலிருந்து பத்தொன்பது வயதுவரை வளர்த்தவள் அவன் சித்தி பவளம். ஆனால் வக்கீல், "பெத்தவ உசுரோட இருக்கா. அவதான் வழக்குப் போட முடியும், நீங்க போட முடியாதும்மா" என்று கையை விரித்துவிட்டார். ஆலைக்காரனைச் சும்மா விடக்கூடாது என்ற வெறியில், பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடிப்போன அக்காள் வடிவாம்பாளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தாள் பவளம். சாட்சி சொல்லும் நாளில் கோர்ட்டு மரத்தடியில் உட்காரவைத்து, தொடையில் இருந்த சூட்டுத் தழும்பு, கத்திரிக்காய் ஆகாதது, இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். வடிவாம்பாள் விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்தாள்.

"எல்லாம் சரிடி, அழுகை வரணுமே. அதுக்கு ஏதாச்சும் சொல்லு."

பவளம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில கடைசியா, 'சித்தி, எனக்கு வலிக்கல, நீ போய்ச் சாப்பிடு'ன்னான்."

"இது போதும்." வடிவாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மா, எனக்கு வலிக்கல, நீ போய்ச் சாப்பிடு. சரியா வருதா?"

பவளம் சொன்னாள்:

"இன்னும் மெதுவாச் சொல்லணும்க்கா. அவனுக்கு மூச்சு வாங்குச்சு."