வழக்குப் போட்டு வாங்கிய மாத்திரை

நெஞ்சுவலிக்கு மருந்தே தருவதில்லை என்று சிறைக்குள்ளிருந்தே வழக்குப் போட்டு, சவரிமுத்து ஜெயித்தும்விட்டான். தீர்ப்பு வந்த மறுநாள் வார்டர் லோகநாதன் மாத்திரையோடு வந்தார். நேற்றுவரை, வலிக்கிறது என்றால் “நடிக்காதடா” என்று அதட்டியவர், இன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்றார். அந்த ‘அண்ணே’தான் சவரிமுத்துவுக்கு உதைத்தது. போதாததற்கு, மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்தே கொண்டுவந்திருந்தார்.

“அட்டை எங்க சார்?”

“ஆபீஸ்ல இருக்குண்ணே. வேண்டாம்னா சொல்லிடுங்க. நீங்களே மறுத்துட்டீங்கன்னு கோர்ட்டுக்கு எழுதிருவாங்க.”

கத்திக் கத்திக் கேட்டு வாங்கியதை இப்போது எந்த வாயால் வேண்டாம் என்பது? நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தான். லோகநாதன் தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டு அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் விழுங்கினான். வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கியும் காட்டினான்.

வார்டர் போகவில்லை. சாவிக்கொத்தை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“இன்னும் என்ன சார்?”

“ஒண்ணுமில்லண்ணே. கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டு வரச் சொன்னாங்க.”