துண்டு போட்ட இருக்கை

1996-இல் ஆஸ்திரேலியா போய்வந்த குமரகுருபரன் பிள்ளைக்கு, சீவலப்பேரி டவுன் பஸ்ஸைப் பார்த்தாலே குமட்டியது. பக்கத்தில் எவனும் உட்காரக் கூடாதென்று துண்டைப் போட்டுவைத்தார். மச்சினன் கணேஷ்ராம் நின்றபடியே கதை கேட்டான்.

"சிட்னி வரைக்கும் பிசினஸ் கிளாஸ், மாப்ள, ராஜ மரியாதை. அங்கனயிருந்து குட்டி விமானம். பக்கத்து சீட்டு காலிதான், ஆனா அதுலயிருந்து ஒரே மீன் நாத்தம். நம்ம சைவக் குடலு தாங்குமா? பணிப்பெண்ணைக் கூப்பிட்டு அந்த வெறும் சீட்டுல சென்ட் அடிக்கச் சொன்னேன்."

பாளையங்கோட்டையில் புன்னைக்காயல் மீன்காரி ஒருத்தி ஏறினாள். துண்டை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அன்னைக்கும் இப்படித்தான் பொத்துனிய, அண்ணாச்சி" என்றாள் அவள், கண்ணைக் கசக்கியபடி. "அந்தச் சென்ட் பட்டது இன்னும் எரியுது."