ஒதுங்கி

கோண்டர் ஊரு மலைப்பக்கம் எங்க தெருவுல அஸ்னகெச்சுக்கு 'ஒதுங்கி'ன்னே பேரு. தனியா இருக்கப் பிடிச்சவன்னுதான் அதுக்கு அர்த்தம். ஆனா எங்க தெரு வாயில வந்தா, 'யாருக்கும் ஆகாதவ'ன்னு ஆயிடும்.

காப்பிக்கொட்டை வறுக்கற வாசனை வந்தா எந்த வீட்லயும் போய் உக்காரலாம். மூணு சுத்து காப்பி குடிக்காம எந்திரிக்கக் கூடாது. என் நாத்தனார் மூணாவது சுத்துக்குக் காத்திருந்து கல்யாணத்துக்குப் போற பஸ்ஸையே விட்டா. அவ கதை கெடக்கட்டும். இவ முதல் சுத்துக்கே வரமாட்டா.

அதையாவது பொறுத்துக்கலாம். இழவுக்கும் வரமாட்டாளே!

அன்னிக்குத் தச்சுவேலை பாத்த பெரியவர் தெசம்மா தவறிப்போய், தெருவே துக்கப் பந்தல்ல உக்காந்திருந்துது.

"ஒதுங்கி வந்தாளா பாத்தீங்களா?" பக்கத்து வீட்டு திருயே ஆரம்பிச்சா. "நம்ம இழவுச் சங்கத்துல அவ எதுக்கு? விலக்கிடுங்க அண்ணே!"

சங்கத் தலைவர் முலாத்து தாடியைச் சொறிஞ்சார். "விலக்கினா, நாளைக்கு அவ செத்தா தூக்க ஆளிருக்காது, தாயி."

"கூட்டமே ஆகாதவளுக்குத் தூக்க மட்டும் கூட்டம் வேணுமாக்கும்!"

யாரும் மறுத்துப் பேசலை. முலாத்து 'சரி'ன்னு சொல்ல வாயெடுத்தார்.

பந்தல் மேல படபடன்னு மழை!

"ஐயோ, மிளகாய்!"

எல்லா முற்றத்துலயும் வருஷத்துக்கான மிளகாய் காயுது. நனைஞ்சா, குழம்புக்கு வருஷம் பூரா கையேந்தணும். விழுந்தடிச்சு ஓடினோம்.

என் முற்றம் காலி. மிளகாய் பாயோட சுருட்டி, கூரைக்கடியில பத்திரமா இருக்கு. எதிர் வீட்லயும் அப்படியே. அடுத்த வீட்லயும்.

திருயே முற்றத்துல, தொப்பலா நனைஞ்சு, மிளகாய் நெடியில இருமிக்கிட்டே ஒருத்தி பாயை உள்ள இழுத்துக்கிட்டிருந்தா. அஸ்னகெச்!

"நீ எங்கடி இங்க?"

"எல்லாரும் அங்க போயிட்டா இங்க யாரு பாத்துக்கறது, அக்கா? கூட்டத்துல எனக்கு மூச்சு முட்டும். அதான்..."

திருயே நின்னுட்டா. "போன இழவுல... அவுத்துக்கிட்டு ஓடின என் கன்னுக்குட்டியைக் கட்டிப்போட்டது நீதானா?"

அஸ்னகெச் குனிஞ்சு பாயோட ஓரத்தை மடக்கினா.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் முலாத்து. "தாயி, விலக்கறதப் பத்தி..."

"யார விலக்கறதாம்? சும்மா இருங்க அண்ணே!"

மழை விட்டுது. தெருவுல அன்னிக்கு நனைஞ்சது ஒரே ஒரு வீட்டு மிளகாய். தெருக்கோடி முற்றத்துலேந்து செவப்பாத் தண்ணி ஓடிக்கிட்டிருந்துது.

அது அஸ்னகெச் வீடு.